வெனிலா கிலோ 40 ஆயிரம் ரூபாயா? ஒரு ஆர்க்கிட் கொடியை நம்பிப் பணம் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"தென்னந்தோப்பு சும்மாதானே கிடக்கு, ஊடுபயிரா வெனிலா போடு. ஒரு கிலோ 40 ஆயிரம் ரூபாய்!" இப்படி ஒரு வீடியோ உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கலாம். ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே ஊரில் உள்ள நிலத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் பலருக்கும், "உலகின் இரண்டாவது விலை உயர்ந்த வாசனைப் பொருள்" என்ற வரியைக் கேட்டதும் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

அந்த 40 ஆயிரம் பொய் இல்லை. 2018 வாக்கில் உலகச் சந்தையில் பதப்படுத்திய வெனிலா கிலோ சுமார் 600 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 40 ஆயிரம் ரூபாய். அப்போது வெள்ளியைவிட வெனிலாவின் விலை அதிகம்.

ஆனால், அந்த விலைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதை அந்த வீடியோக்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. 20 வருடங்களுக்கு முன் கேரளாவிலும் கர்நாடகாவிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் இதே ஆசையில் கொடி நட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்வதில்லை. விரிவாகப் பார்ப்போம்.

வெனிலா ஒரு ஆர்க்கிட்டா?

ஆமாம். ஆர்க்கிட் என்றதும் ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டியில் வைத்திருக்கும் ஊதாப் பூதான் நினைவுக்கு வரும். ஆர்க்கிட் குடும்பத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் உணவுப் பொருளுக்காக உலக அளவில் பெரிதாகப் பயிரிடப்படுவது வெனிலா மட்டும்தான்.

இதன் தாவரவியல் பெயர் வெனிலா பிளானிஃபோலியா. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஈரப்பதம் நிறைந்த வெப்பமண்டலக் காடுகளில், மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. சதைப்பற்றுள்ள தடித்த இலை, கணுவுக்குக் கணு வேர். மிளகுக் கொடி மாதிரியே மரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். பூ வெளிர் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். காய் பார்க்க நீளமான பீன்ஸ் போல இருக்கும். அதனால்தான் வியாபாரத்தில் 'வெனிலா பீன்ஸ்' என்கிறார்கள். உண்மையில் இது பீன்ஸ் குடும்பமே இல்லை. வெனிலா என்ற பெயரே 'சின்ன உறை' என்று பொருள்படும் ஸ்பானிஷ் சொல்லில் இருந்து வந்தது.

மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில் வாழும் டோடோனாக் மக்கள்தான் இதை முதலில் பயிரிட்டவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். அவர்களை வென்ற ஆஸ்டெக்குகள் இதை சாக்லேட் பானத்தில் கலந்து குடித்தார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்.

பூ பூத்தது, காய் மட்டும் காய்க்கல... ஏன்?

ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளிலும், பிரெஞ்சுக்காரர்களின் வெப்பமண்டலத் தீவுகளிலும் வெனிலா நன்றாக வளர்ந்தது. பூக்கவும் செய்தது. ஆனால் காய் பிடிக்கவே இல்லை. முந்நூறு வருடங்களுக்கும் மேலாக மெக்சிகோவின் ஏகபோகம் நீடித்ததற்குக் காரணம் இதுதான்.

வெனிலா பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மடல் திரை போலத் தடுக்கிறது. அதைத் தாண்டி மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அந்தப் பூவுக்குப் பழகிய தேனீக்கள் வேண்டும். அந்தத் தேனீக்கள் தாயகத்தில்தான் இருக்கின்றன. அங்கேயே இயற்கையாகக் காய் பிடிப்பது மிகக் குறைவு.

1836-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ஷார்ல் மோரன், கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்க வைக்கலாம் என்று காட்டினார். ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்குச் செய்யக்கூடிய எளிய முறை கிடைத்தது 1841-ல். கண்டுபிடித்தது விஞ்ஞானி அல்ல. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் போர்பன் தீவில், அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட்.

ஒரு சின்னக் குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை மெதுவாக அழுத்திவிட வேண்டும். சில நொடி வேலை, அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுக்க, பொள்ளாச்சித் தோப்பு உட்பட, வெனிலாவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது இதே முறையில்தான்.

அடிமை முறை 1848-ல் அங்கே ஒழிக்கப்பட்ட பிறகு அவருக்கு எட்மண்ட் அல்பியஸ் என்ற பெயர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. அவர் உருவாக்கிய முறையால் தீவின் முதலாளிகள் செல்வம் சேர்த்தார்கள். அவர் 1880-ல் வறுமையில் இறந்தார். வெனிலாவில் உழைப்பவர் ஒருவர், லாபம் பார்ப்பவர் வேறொருவர் என்ற கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

ஒரு கிலோவுக்கு எத்தனை பூ?

வெனிலா விலையின் ரகசியம் உழைப்பில் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் புரியும்.

கொடி நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் பூக்கத் தொடங்கும். ஒரு கொத்தில் சுமார் 15 முதல் 20 பூக்கள் வரும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் மலராது. தினம் ஒன்று அல்லது இரண்டு பூதான். காலையில் மலரும் பூ அன்றைக்கே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் அந்தப் பூ வீண். அதாவது பூக்கும் பருவம் முழுக்க, தினமும் காலையில் ஒவ்வொரு கொடியையும் யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும். 'வீக்எண்ட் விவசாயம்' இதற்கு ஒத்துவராது.

கை பழகிய ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் பூக்களுக்கு மேல் முடிப்பார். எல்லாப் பூவையும் காய்க்க விட்டால் கொடி இளைத்துவிடும் என்பதால், ஒரு கொத்தில் 8-10 காய் போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள்.

மகரந்தம் சேர்த்த பிறகு காய் முற்ற சுமார் 9 மாதம் ஆகும். இவ்வளவும் கடந்து பறித்த பச்சைக் காயை முகர்ந்து பார்த்தால்... வாசனையே இருக்காது!

அந்த மணத்துக்குக் காரணமான வெனிலின் என்ற வேதிப்பொருள், பச்சைக் காயில் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரித்து எடுப்பதுதான் பதப்படுத்துதல். முதலில் சுமார் 65 டிகிரி சூட்டில் உள்ள நீரில் காய்களைச் சில நிமிடம் அமிழ்த்துவார்கள். அதோடு காயின் வளர்ச்சி நின்று, உள்ளே இருக்கும் என்சைம்கள் வேலையைத் தொடங்கும். பிறகு கம்பளியில் சுற்றி வியர்க்க விடுவார்கள். தினமும் சில மணி நேரம் வெயில், மீதி நேரம் கம்பளி. நிறம் பச்சையில் இருந்து சாக்லேட் பழுப்புக்கு மாறும். அதற்குப் பிறகு நிழலில் உலர்த்தி, பெட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் பக்குவப்படுத்த வேண்டும். இடையில் ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அதிகமாகக் காய்ந்தால் மணம் போய்விடும்.

5-6 கிலோ பச்சைக் காய்க்குக் கிடைப்பது ஒரு கிலோ பதப்படுத்திய வெனிலா. சுமார் 500-600 பூக்களைக் கையால் தொட்டால் ஒரு கிலோ!

வீடியோவில் சொல்லும் விலை, பதப்படுத்திய வெனிலாவின் விலை. விவசாயி பெரும்பாலும் விற்பது பச்சைக் காய். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு.

அப்போ நாம சாப்பிடுற ஐஸ்கிரீம்ல இருக்கிறது?

பெரும்பாலும் வெனிலா கொடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

1874-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் டீமனும் ஹார்மனும் வெனிலினைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். பிறகு காகித ஆலைக் கழிவில் இருந்து எடுத்தார்கள். இப்போது பெருமளவு தயாராவது பெட்ரோலியப் பொருளில் இருந்து. இது கிலோ 10-15 டாலர் அளவிலேயே கிடைக்கும். உலகில் பயன்படும் வெனிலா சுவையில் உண்மையான காயில் இருந்து வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது.

இது விஷம் கிடையாது. காயில் இருக்கும் வெனிலினும் ஆலையில் தயாரான வெனிலினும் ஒரே மூலக்கூறுதான். வித்தியாசம் என்னவென்றால், உண்மையான காயில் வெனிலினோடு நூற்றுக்கணக்கான வேறு மணப்பொருட்களும் சேர்ந்திருக்கும். அந்தக் கூட்டு மணம் ஆலையில் தயாரான வெனிலினில் வராது.

அடுத்த முறை ஐஸ்கிரீம் டப்பாவையோ எசென்ஸ் பாட்டிலையோ திருப்பிப் பாருங்கள். 'நேச்சர் ஐடென்டிகல்' அல்லது 'ஆர்ட்டிஃபீஷியல் ஃப்ளேவர்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். 'நேச்சர் ஐடென்டிகல்' என்றால் இயற்கையில் உள்ள அதே மூலக்கூறு, ஆனால் ஆலையில் தயாரானது என்று பொருள்.

'நேச்சுரல்' என்று போட்டிருந்தாலும் அது வெனிலா காயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அரிசித் தவிட்டில் உள்ள ஒரு அமிலத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்தும் வெனிலின் எடுக்கிறார்கள்.

விவசாயிக்கு இதில் என்ன? வெனிலா விலை ஏறும்போதெல்லாம், வாங்கும் நிறுவனத்துக்குக் கையருகே மலிவான மாற்று இருக்கிறது. மிளகு விலை ஏறினால் பொங்கலில் வேறெதையும் போட முடியாது. வெனிலா கதை அப்படி இல்லை. விலை கூடினால் தேவை அப்படியே செயற்கைப் பக்கம் நகர்ந்துவிடும்.

ஒரு தீவு எப்படி உலக விலையைத் தீர்மானிக்குது?

உலக வெனிலாவில் சுமார் 80 சதவீதம் மடகாஸ்கரில் இருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி அந்தத் தீவின் வடகிழக்கு மூலையில், 'சாவா' என்று அழைக்கப்படும் ஒரே பகுதியில் விளைகிறது. சம்பாவா, அண்டலாஹா, வோஹேமார், அண்டாபா என்ற நான்கு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வந்த பெயர் அது.

சிக்கலே இதுதான். அந்த மூலை, புயல்கள் கரையைக் கடக்கும் பாதையில் இருக்கிறது. அங்கே ஒரு புயல் அடித்தால் உலகம் முழுக்க விலை எகிறும். அங்கே நல்ல விளைச்சல் என்றால் உலகம் முழுக்க விலை சரியும்.

2000 ஏப்ரலில் ஹூடா புயல் அந்தப் பகுதியைத் தாக்கியது. 2002-ல் அங்கே அரசியல் குழப்பம். சரக்கு வரத்து குறைந்து, 2003-04-ல் விலை 500 டாலரைத் தொட்டது. இதைப் பார்த்து இந்தியா, உகாண்டா, இந்தோனேசியா, பப்புவா நியூ கினி என எல்லா நாட்டிலும் கொடி நட்டார்கள். உணவு நிறுவனங்களோ செயற்கை வெனிலினுக்கு மாறின. 2005 வாக்கில் விலை 50 டாலர் அளவுக்கு விழுந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அடியிலேயே கிடந்தது.

கட்டுப்படியாகாமல் விவசாயிகள் கொடியைக் கைவிட்டார்கள். உற்பத்தி குறைந்தது. 2015-ல் நெஸ்லே போன்ற பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் செயற்கைச் சுவைகளைக் கைவிடுவதாக அறிவித்தன. உண்மையான வெனிலாவுக்கு மறுபடி கிராக்கி. 2017 மார்ச்சில் எனாவோ புயல் வேறு வந்தது. விலை 600 டாலர்.

அந்த விலை மடகாஸ்கர் கிராமங்களுக்கு நிம்மதியைத் தரவில்லை. இரவில் காய் திருட்டு. விவசாயிகள் கொடிக்கு அடியில் படுத்துக் காவல் காத்தார்கள். தங்கள் காய்தான் என்று அடையாளம் காட்ட, பச்சைக் காயிலேயே ஊசி முனையால் தங்கள் குறியீட்டைக் குத்திவைத்தார்கள். திருட்டுக்குப் பயந்து முற்றுவதற்கு முன்பே பறித்ததால் தரம் குறைந்தது. தரம் குறைந்ததால் வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள்.

கேரளாவிலும் நம்ம பக்கத்திலும் என்ன நடந்துச்சு?

2000-களின் தொடக்கத்தில் மிளகு, காபி விலை விழுந்து கிடந்தது. அந்த நேரத்தில் வெனிலா ஒரு மீட்பர் போல வந்தது. எர்ணாகுளம், இடுக்கி, வயநாடு, கர்நாடகாவின் மலையோர மாவட்டங்கள், தமிழ்நாட்டில் பொள்ளாச்சி-ஆனைமலை, நீலகிரியின் கீழ்ச்சரிவுகள் என்று பரவியது. ஸ்பைசஸ் போர்டும் ஊக்கம் கொடுத்தது.

பச்சைக் காயே கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. அப்போது காயைவிடக் கொடித் துண்டு நல்ல வியாபாரம். நடுவதற்கான துண்டை விற்றே சிலர் காசு பார்த்தார்கள். தோட்டத்துக்குள் புகுந்து கொடியை அறுத்துக்கொண்டு போகும் திருட்டும் நடந்தது.

2003 உச்ச விலையைப் பார்த்து நட்டவருக்கு முதல் காய் கைக்கு வந்தது 2006-07 வாக்கில். அதற்குள் பச்சைக் காய் விலை கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே போயிருந்தது. மகரந்தம் சேர்க்கும் கூலிக்கே கட்டாது. பலர் கொடியைப் பிடுங்கிவிட்டு, அதே மரத்தில் மறுபடி மிளகை ஏற்றினார்கள்.

யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் யாருமே ஏமாற்றவில்லை. நடுவதற்கும் விற்பதற்கும் இடையே மூன்று நான்கு வருட இடைவெளி உள்ள எந்தப் பயிருக்கும் இந்த ஆபத்து உண்டு. உச்ச விலையைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் நடுவார்கள், எல்லாருடைய காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், விலை விழும். வெனிலாவில் மட்டும் கூடுதலாக இரண்டு விஷயம்: உலகச் சந்தை மிகச் சிறியது, மலிவான மாற்று எப்போதும் தயார்.

இப்போ நிலவரம் என்ன?

2020-ல் மடகாஸ்கர் அரசு, கிலோ 250 டாலருக்குக் கீழே ஏற்றுமதி செய்யக் கூடாது என்று குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. விவசாயியைக் காக்க என்று சொன்னார்கள். வாங்கும் நிறுவனங்கள் கொள்முதலைக் குறைத்தன. மூட்டைகள் கிடங்கில் தேங்கின. 2023-ல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. தேங்கியிருந்த சரக்கு மொத்தமாக வெளியே வர, விலை சரிந்தது.

2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப், மடகாஸ்கர் பொருட்களுக்கு 47 சதவீத இறக்குமதி வரி அறிவித்தார். சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, ஆகஸ்டில் 15 சதவீதமாக வந்தது. அமெரிக்காவில் வெனிலா பெரிய அளவில் விளையவே விளையாது. எந்த உள்நாட்டு விவசாயியையும் காப்பாற்றாத வரி அது. ஆனால் உலகில் அதிகமாக வெனிலா வாங்கும் நாடு அமெரிக்காதான். ஆர்டர் போடுவதா வேண்டாமா என்று வாங்குபவர் யோசித்த ஒவ்வொரு வாரமும், காத்திருந்தது சாவாவின் சிறு விவசாயி.

அதே ஆண்டு செப்டம்பரில் குடிநீர், மின்வெட்டுப் பிரச்சினைக்காக மடகாஸ்கர் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அக்டோபரில் அதிபர் ராஜோலினா நாட்டை விட்டு வெளியேற, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உலகத்துக்கே வெனிலா கொடுக்கும் நாட்டின் நிலைமை இது.

பொள்ளாச்சித் தோப்பில் நிற்கும் கொடியின் விலை, வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்திலும் அண்டலாஹாவில் அடிக்கும் ஒரு புயலிலும் தொங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது வேறு, தெரியாமல் இறங்குவது வேறு.

சரி, வளர்க்கவே கூடாதா?

அப்படி இல்லை. கடந்த சரிவிலும் கொடியைப் பிடுங்காமல் வைத்திருந்தவர்கள், 2016-18-ல் நல்ல விலை பார்த்தார்கள். அவர்களுக்கு வெனிலா முதன்மை வருமானம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

எங்கே வளரும்? ஆண்டுக்கு 1,500 முதல் 3,000 மில்லிமீட்டர் வரை பரவலாகப் பெய்யும் மழை, 25-32 டிகிரி வெப்பம், காற்றில் ஈரப்பதம், பாதி நிழல். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவுகள் பொருந்தும். வெயில் சுட்டெரிக்கும் சமவெளியில் நிழல்வலை, தெளிப்பான் என்று செலவு கூடும்.

எதில் ஏற்றுவது? கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, பாக்கு மரம். வெனிலா மரத்தின் சத்தை உறிஞ்சாது. பிடிமானம்தான் அதற்கு வேண்டும். கொடியை உயரமாக ஏற விடாமல், கைக்கு எட்டும் உயரத்தில் கிளையில் மடித்து கீழே தொங்கவிட வேண்டும். அப்போதுதான் பூக்கும், மகரந்தம் சேர்க்கவும் முடியும்.

எப்படி நடுவது? சுமார் ஒரு மீட்டர் நீளக் கொடித் துண்டு. வேர் ஆழமாகப் போகாது. மேல்மண்ணில், மட்கிய இலைச் சருகுக்குள் பரவும். அதனால் நல்ல மூடாக்கு வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. பூக்கும் பருவத்துக்கு முன் நுனியைக் கிள்ளி, நீரைக் குறைத்தால் பூமொட்டு வைக்கும். தென்னிந்தியாவில் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் பூக்கும். கொடியை வெட்டும்போது கையுறை போடுங்கள், சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

விலையைவிடப் பெரிய ஆபத்து எது?

வெனிலாவை விதை போட்டு வளர்ப்பதில்லை. கொடியை வெட்டி நட்டு, அதை வெட்டி மறுபடி நட்டு... இப்படியே இருநூறு வருடம் ஓடிவிட்டது. அதனால் உலகத் தோட்டங்களில் உள்ள கொடிகள் பெரும்பாலும் ஒரு சில தாய்க் கொடிகளின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

அந்த நோயும் தயாராக இருக்கிறது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, வேரையும் தண்டையும் அழுகச் செய்கிறது. வாழையில் வாடல் நோய் தருவதும் இதே குடும்பத்துப் பூஞ்சைதான். மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். வந்தபின் தோட்டத்தை முழுமையாக மீட்கும் மருந்து இல்லை. வடிகால், இடைவெளி, நோயில்லாத கொடித் துண்டு என்று வரும்முன் காப்பதுதான் ஒரே வழி.

தீர்வு காட்டில் இருக்கலாம். ஆனால், மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் இயற்கையாக வளரும் வெனிலா பிளானிஃபோலியா, ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் 'அழியும் அபாயத்தில்' என்ற நிலையில் இருக்கிறது. காடு அழிப்பும், காட்டில் இருந்து கொடியை எடுப்பதும் காரணங்கள். ஐஸ்கிரீம் கடைதோறும் பெயர் இருக்கும் ஒரு செடி, சொந்தக் காட்டில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வெனிலா வாக்கரே என்ற காட்டு வெனிலா வளர்கிறது. இலை இல்லாத பச்சைத் தண்டு, பெரிய வெள்ளைப் பூ. காய்க்குச் சந்தை இல்லை. ஆனால் இது போன்ற காட்டு உறவுகளில்தான் நோய் எதிர்ப்புத் திறனைத் தேட முடியும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், வெனிலா அஃபில்லா என்ற இன்னொரு காட்டு இனத்தைப் பயிர் வெனிலாவோடு கலப்பினம் செய்து பார்த்திருக்கிறது. எனவே மலையில் பார்க்கும் காட்டு ஆர்க்கிட்டை வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் நடாதீர்கள்.

பணம் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வீடியோவில் சொல்லும் விலை எந்த ஆண்டு விலை? பச்சைக் காய்க்கா, பதப்படுத்தியதற்கா?

2. சொல்பவர் எதை விற்கிறார்? காயையா, கொடித் துண்டையா? வருமானத்தில் பெரும்பகுதி நாற்று விற்பனையில் வருகிறது என்றால், அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. 'நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்' என்றால், எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

3. பூக்கும் பருவத்தில் தினமும் காலையில் தோட்டத்தில் நிற்கப்போவது யார்? அப்பா அம்மாவா? அவர்களுடைய உழைப்பையும் கூலியாகக் கணக்கில் சேருங்கள்.

4. பதப்படுத்தத் தெரியுமா? தெரியாவிட்டால் பச்சைக் காயை வாங்கும் ஆள் உங்கள் ஊருக்கு அருகில் இருக்கிறாரா? நடும் முன் அவரிடம் பேசுங்கள்.

5. விலை உச்சத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலும் கட்டுப்படியாகுமா? 2003-க்குப் பிறகு நடந்தது அதுதான். அந்த விலையிலும் கையைக் கடிக்காது என்றால் மட்டும் இறங்குங்கள். அதுவும் கடன் வாங்காமல், தென்னை, பாக்கு, மிளகோடு ஊடுபயிராக, ஐம்பதோ நூறோ கொடிகளில் தொடங்குங்கள்.

முதல் காய் வர நாலு வருடம் ஆகும். அதற்குள் மடகாஸ்கரில் எத்தனை புயல் வரும், எத்தனை ஆட்சி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களிடம் கொடித் துண்டு விற்பவராலும் சொல்ல முடியாது.